பிரிக்காத பொட்டலம்

"ஐப்பசி 9, ஞாயிறு. காலையில் மழை விட்டிருந்தது. பூ கேட்டாயிற்று. வெள்ளை வந்தது. மற்றதைப் பிரிக்கவில்லை."

தினம் ஒன்றாகக் கிழிக்கும் நாட்காட்டியின் தாள் அது. முன்பக்கத்தில் ராகு காலம், எமகண்டம், ஒரு நகைக்கடை விளம்பரம். பின்பக்கத்தில் பென்சிலால் நான் எழுதிய மேற்கண்ட குறிப்பு. கிழித்த தாளை எறிவதில்லை என்பது பெங்களூருக்கு வேலைக்கு வந்த நாளிலிருந்து எனக்குள்ள பழக்கம். அன்றன்று நடந்ததைப் பின்புறத்தில் எழுதி, மாதக் கடைசியில் ரப்பர் வளையம் போட்டு, பழைய பிஸ்கட் டப்பாவில் அடுக்கிவிடுவேன். கல்வெட்டுகளைப் பற்றி வாசிப்பதில் எனக்கு ஆர்வம் உண்டு. ஆண்டும் நாளும் சிதைந்துபோன கல்வெட்டு எனக்குப் பாதிக் கல்வெட்டுதான். என் வீட்டு விஷயங்களாவது அப்படி ஆகக்கூடாது என்று நினைத்துக்கொள்வேன். மேலே உள்ள குறிப்பில் நாள் சரியாக இருக்கிறது. மழையைப் பற்றிக்கூட இருக்கிறது. விஷயம்தான் பாதியில் நிற்கிறது.

என் அக்காவின் மகனுக்கு அப்போது ஆறு வயது. கைக்குழந்தையாக இருந்தபோதே கழுத்தில் நெறி கட்டும், சீழ் பிடிக்கும், கீறி எடுப்பார்கள். அது ஆறுவதற்குள் அக்குளில் இன்னொன்று வரும். ஒருமுறை காசநோய் என்று சொல்லி மாதக்கணக்கில் மாத்திரை கொடுத்தார்கள். பிறகு, வைட்ஃபீல்டில் அவர்கள் குடியிருந்த அடுக்ககத்துப் பூங்காவில், மழையில் நனைந்து மக்கிக் கிடந்த இலைக்குவியலில் ஒரு மாலை முழுக்கப் பையன் குதித்து விளையாடினான். சில நாட்களில் மூச்சு இரைத்தது. நுரையீரலில் பூஞ்சை. அந்தப் படுக்கையில் இருந்தபோதுதான் நோய்க்குப் பெயர் கிடைத்தது. நீளமான ஆங்கிலப் பெயர். அக்கா அதை ஒருநாளும் முழுதாக உச்சரித்ததில்லை. "அது" என்பாள்.

மருத்துவர் மைசூர்ப் பக்கத்துப் பெண்மணி. தமிழ் நன்றாகவே பேசுவார். அக்காவுக்கு அவர் விளக்கியது இப்படி: "ரத்தத்துல வெள்ளை அணு இருக்கில்ல, அது போலீஸ் மாதிரி. இவனுக்கும் போலீஸ் இருக்கு. ஓடிப்போய் திருடனைப் பிடிக்கவும் பிடிக்குது. ஆனா கையில லத்தி இல்ல. பிடிபட்ட திருடன் ஸ்டேஷனுக்குள்ளயே குடும்பம் நடத்தறான்."

"எப்படி வந்துச்சு டாக்டர்?" என்று அக்கா கேட்டாள்.

தாய்வழியில் வருவது, ஆண் குழந்தைகளுக்குத்தான் பெரும்பாலும் வரும் என்று மருத்துவர் சொன்னார். அக்கா தலையை ஆட்டினாள். வெளியே வந்து நடைபாதை நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான், "அப்போ என்கிட்டருந்தா?" என்று என்னிடம் கேட்டாள். எனக்கு அந்தக் குறை இல்லை என்பதைச் சோதனை பின்னால் சொல்லியது. ஒரே வயிற்றில் பிறந்த இருவரில் அவளிடம் தங்கியது என்னிடம் தங்கவில்லை. அதற்கு எந்த நியாயமும் கிடையாது.

அதன் பிறகு வீட்டில் சட்டங்கள் வந்தன. தொட்டிச் செடி கூடாது. ஈர மண் கூடாது. வாழையிலையில் சாப்பாடு கூடாது. சாமி அலமாரியில் பூ கூடாது. மாலை வாடி ஈரமாகக் கிடந்தால் அதில் பூஞ்சை வரும். அம்மன் படத்துக்கு அக்கா பிளாஸ்டிக் மாலை போட்டாள். இந்தச் சட்டம்தான் பெரியப்பாவுக்குப் பொறுக்கவில்லை.

பெரியப்பா என்பவர் பையனுக்குப் பெரியப்பா, அதாவது அக்கா வீட்டுக்காரரின் அண்ணன். பையன் வாயால் கூப்பிட்டுக் கூப்பிட்டு எங்கள் எல்லோருக்குமே அவர் பெரியப்பா ஆகிவிட்டார். பெங்களூர் அல்சூரை ஒட்டிய ஜோகுபாளையத்தில் மூன்று தலைமுறையாக இருக்கும் குடும்பம். அவருக்குப் பதினெட்டு வயதாகும்போது தகப்பன் இறந்துபோக, தொழிற்சாலை வேலைக்குப் போய்த் தம்பியைப் படிக்கவைத்தவர். தன் குழந்தைகள் என்று யாரும் இல்லை. அவர்கள் தாத்தா வாணியம்பாடிப் பக்கத்திலிருந்து வந்தபோது குலதெய்வக் கோயிலிலிருந்து பிடிமண் எடுத்து வந்து, ஜோகுபாளையத்துச் சந்து ஒன்றின் முனையில், சாக்கடைக்கு இந்தப் பக்கம் வைத்துக் கும்பிட்டிருக்கிறார். இன்று அது ஒரு ஆள் குனிந்து நுழையும் அளவுக்குச் சிமெண்டுக் கோயில். விளக்கேற்றுவது பெரியப்பா. வருஷத்துக்கு ஒருமுறை பொங்கல் வைக்கும்போது, அந்த வம்சத்து ஆண்பிள்ளைகளின் பெயரை வயது வரிசையில் கூப்பிடுவதும் அவர்தான். வரிசையில் கடைசிப் பெயர் பையனுடையது.

ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அம்மன் பாதத்தில் வைத்த மல்லிகைச் சரத்தை எடுத்துக்கொண்டு அவர் வைட்ஃபீல்டுக்கு வருவார். சட்டம் வந்த பிறகு ஒரு வெள்ளிக்கிழமை அக்கா வாசலிலேயே அவரை நிறுத்தினாள்.

"பூவை வெளியவே வெச்சுட்டு வாங்க பெரியப்பா."

"அம்மன் பூம்மா இது."

"தெரியும். டாக்டர் வேணாம்னு சொல்லிட்டாங்க."

அவர் சரத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் செருப்பு அலமாரியைப் பார்த்தார், லிஃப்டைப் பார்த்தார். பிறகு சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, உள்ளே வராமலே திரும்பிப் போய்விட்டார்.

பூஞ்சையை மருந்து கொடுத்து ஓரளவு ஒடுக்கினார்கள். ஒடுக்கத்தான் முடியும், ஒழிக்க முடியாது என்றார்கள். ஒழிக்க ஒரே வழி ஸ்டெம் செல் மாற்று. தமிழில் குருத்தணு என்று எழுதுகிறார்கள். எங்கள் வீட்டில் யாரும் அப்படிச் சொன்னதில்லை. பையனின் எலும்பு மஜ்ஜையை மருந்தால் வெறுமையாக்கிவிட்டு, வேறொருவரின் குருத்தணுக்களை அவன் ரத்தத்தில் ஏற்ற வேண்டும். அவை எலும்புக்குள் போய்க் குடியேறி, லத்தி உள்ள போலீஸை உண்டாக்க வேண்டும். கூடப்பிறந்தவர் இல்லை. கொடையாளர் பதிவேடுகளில் பொருத்தம் கிடைக்கவில்லை. அக்காவே அந்தக் குறையைச் சுமப்பவள் என்பதால் கடைசிக்குத்தான் அவள். அவள் வீட்டுக்காரரின் ரத்தத்தில் பழைய மஞ்சள் காமாலைக் கிருமி. தாய்மாமனாகிய எனக்குப் பாதிப் பொருத்தம் இருந்தது. இந்தக் காலத்து மருந்துகளுக்கு அது போதும் என்றார் மருத்துவர்.

அவசரமும் இருந்தது. ஐப்பசி மழை தொடங்கிவிட்டது. பெங்களூரில் சுவர் வியர்க்கும் மாதம். நுரையீரல் நிழல் சிறிதாக இருக்கும்போதே செய்துவிட வேண்டும். வடிகட்டிய காற்று வரும் தனி அறை ஒன்று காலியாகப் போகிறது, திங்கட்கிழமைக்குள் சொல்லாவிட்டால் காத்திருக்கும் அடுத்த குழந்தைக்குப் போய்விடும் என்றார்கள். தாய், தகப்பன் இருவரும் கையெழுத்துப் போட வேண்டும் என்பது அந்த மருத்துவமனையின் வழக்கம்.

"அண்ணன் ஒரு வார்த்தை சரின்னு சொல்லட்டும், போடறேன்" என்றார் அக்கா வீட்டுக்காரர்.

ஆகவே பெரியப்பாவையும் மருத்துவரிடம் அழைத்துப் போனோம். வெள்ளைச் சட்டை, தோளில் துண்டு. எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரு கேள்வி கேட்டார்.

"முடிஞ்சப்புறம் இவன் ஒடம்புல ஓடற ரத்தம் யாரோடது மேடம்?"

மருத்துவர் பொய் சொல்லவில்லை. "கொடுக்கறவரோடது. ரத்தத்தை எடுத்து டெஸ்ட் பண்ணா மாமாவைத்தான் காட்டும்."

"க்ரூப்பு?"

"இப்போ பி. அப்புறம் மாமாவோட ஓ ஆயிடும்."

"எங்க வீட்ல எல்லாருமே பி" என்றார் பெரியப்பா. "எங்கப்பா பி. நான் பி. இவன் பி." தம்பியைக் காட்டிச் சொன்னார். 

"தோல், முடி, கன்னத்து உள்பக்கம், இதெல்லாம் அவனோடதாவேதான் இருக்கும் அண்ணா. ரத்தம் மட்டும்தான்" என்றார் மருத்துவர்.

"ரத்தம் மட்டும்தான்" என்று அவர் திருப்பிச் சொன்னார். கேலியாகச் சொல்லவில்லை.

அன்று மாலை ஜோகுபாளையத்து வீட்டில் கூடினோம். பையன் வைட்ஃபீல்டில் என் மனைவியிடம் இருந்தான். பெரியப்பா பிளாஸ்டிக் நாற்காலியில், நாங்கள் கட்டிலில்.

"நான் வேணாம்னு சொல்லல" என்று தொடங்கினார். "நியாயம் கேக்கறேன். இவன் எங்க வம்சத்துக் கடைசி. பொங்கல் அன்னிக்கு இவன் பேரைக் கூப்பிடறேன். ரத்தம் மச்சான் வீட்டு ரத்தம் ஆயிடுச்சுன்னா எந்தப் பேரைச் சொல்லி எந்தச் சாமி முன்னாடி கூப்பிடுவேன்? நாளைக்கு என் தம்பிக்கு ஒண்ணுன்னா கொள்ளி வெக்கறது யாரு, புள்ளையா, மச்சானா?"

"ண்ணா, நான் இன்னும் சாவல" என்றார் அக்கா வீட்டுக்காரர்.

"நீ சும்னிரு. மாப்ளே, உன்னையே கேக்கறேன்." என் பக்கம் திரும்பினார். "உன் பொண்ணு இவனுக்கு முறைப்பொண்ணு. ஆமாவா இல்லையா? நாளைக்கு உன் ரத்தம் இவனுக்குள்ள ஓடிச்சுன்னா ரெண்டும் அண்ணன் தங்கச்சி. முறையே மாறிப்போவுதேடா!"

என் மகளுக்கு அப்போது நாலு வயது. நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா சொன்னாள்: "நல்லதாப் போச்சு. சொந்தத்துல கட்டினாத்தான் நோய் வருதுன்னு டாக்டருங்க எல்லாம் திட்டறாங்க. ஒரே ஊசியில ரெண்டு வியாதி தீரும்."

அக்கா வீட்டுக்காரர் சிரித்துவிட்டார். பெரியப்பாவுக்கும் உதடு துடித்தது. ஆனால் அடக்கிக்கொண்டார்.

நான் நிறைய வாசித்தவன் என்ற நினைப்பு எனக்கு உண்டு. தத்துப்பிள்ளை பற்றி, வேறு குலத்துப் பிள்ளை அரியணை ஏறிய வம்சங்கள் பற்றி, கல்வெட்டில் மருமகன்களைத் தம் மக்கள் என்று வெட்டிவைத்தவர்கள் பற்றிச் சொன்னேன். கேட்டார். முடித்ததும், "ராஜாவுக்கு சரி. அவங்களுக்குக் கல்லுல எழுத ஆள் இருக்கு. எனக்கு அம்மன் ஒருத்திதான்" என்றார்.  இதுவரை நான் அவரை ஒரு தடையாகத்தான் நினைத்திருந்தேன். அவர் பயந்திருந்தார் என்பது அப்போதுதான் புரிந்தது. நாங்கள் பையன் செத்துப்போவான் என்று பயந்தோம். அவர், பையன் பிழைத்தும் தங்களுக்கு இல்லாமல் போவான் என்று பயந்தார்.

"ஞாயித்துக்கிழமை பூ கேப்போம்" என்றார் கடைசியில். "அம்மன் சொல்லட்டும். வெள்ளை வந்தா நானே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன்."

"சிவப்பு வந்தா?" என்றாள் அக்கா.

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

பூ கேட்பது தெரியாதவர் தமிழரில் குறைவு. ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, ஒன்றில் சிவப்பு. இரண்டையும் ஒன்றுபோலக் கட்டி, சாமி முன் போட்டு, விவரமறியாத குழந்தை ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை என்றால் உத்தரவு. அந்தக் கோயிலில் இன்னொரு வழக்கமும் உண்டு. எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்கக்கூடாது. பிரித்துப் பார்த்தால் சாமியைச் சோதித்ததாகிவிடும். அதை அப்படியே கொண்டுபோய்த் தண்ணீரில் விட்டுவிட வேண்டும்.

எடுக்க வேண்டியது பையன்தான் என்றார் பெரியப்பா. அவனைப் பற்றிய கேள்விக்கு அம்மன் அவன் கையால்தான் பதில் சொல்வாளாம்.

வைட்ஃபீல்டுக்குத் திரும்பும் காரில் அக்கா வெடித்தாள். "பூவைத் தொடக்கூடாதுன்னு இத்தினி மாசமா நான் தெருத்தெருவா ஓடறேன். இவரு அந்தப் பூவுலயே என் புள்ள உயிரை வெச்சு விளையாடச் சொல்றாரு. நீங்களும் தலையாட்டறீங்க."

"அவரு என்னை வளர்த்தவரு."

"நான் வளக்கறது யாரை?"

அக்கா வீட்டுக்காரர் ஓட்டிக்கொண்டே அழுதார். மாரத்தஹள்ளி நெரிசலில் பின்னால் வந்தவர்கள் ஒலிப்பானை அடித்தார்கள். இறங்கும்போது அக்கா என்னிடம் மட்டும் சொன்னாள்: "சிவப்பு வந்துச்சுன்னா புள்ளையைத் தூக்கிக்கினு உன் வீட்டுக்கு வந்துடுவேன். கோர்ட்டுக்குப் போனாலும் போவேன். ஆனா திங்கட்கிழமைக்குள்ள எந்தக் கோர்ட்டுடா தீர்ப்பு சொல்லும்?"

மறுநாள் பெரியப்பா போன் செய்தார். பூவைப் பையன் தொட வேண்டியதில்லை என்றார். பொட்டலத்தை வாழையிலையில் கட்டப்போவதில்லை. பிரியாணிக் கடைகளில் மடிக்கும் வெள்ளித் தாளில் சுற்றி, அதை அழுத்தி மூடும் பிளாஸ்டிக் உறையில் போட்டு, உறையை மருந்து திரவத்தால் துடைத்துவிடப் போகிறார். கோயிலுக்குள் பையன் வர வேண்டாம், காரில் உட்கார்ந்திருந்தால் போதும். டாக்டரிடமே கேட்டுவிட்டாராம். "மேடம் சரின்னுட்டாங்க. வேணும்னா நீயும் கேட்டுக்கோ." கேட்டேன். உண்மைதான்.

ஞாயிறு காலை சந்து முனையில் காரை நிறுத்தினோம். மழை விட்டு வானம் வெளிறிக் கிடந்தது. பையன் பின் இருக்கையில், முகக்கவசத்தோடு. பக்கத்தில் அக்கா. அவள் அவனுக்குக் கையுறையை மாட்டிவிட்டாள். பெரியப்பா கோயிலுக்குள் விளக்கேற்றி, நெடுநேரம் விழுந்து கும்பிட்டுவிட்டு, எவர்சில்வர் தட்டோடு வந்தார். முழங்கை வரை கழுவியிருந்தார். தட்டில் இரண்டு வெள்ளிப் பொட்டலங்கள், உறைக்குள். அளவில், மடிப்பில், எதிலும் வித்தியாசம் தெரியவில்லை. அக்கா கண்ணாடியைக் கையகலம் இறக்கினாள்.

"பெரியப்பா, இது பிரியாணியா?" என்றான் பையன்.

"எடுத்துப் பாரு தெரியும். ஒண்ணே ஒண்ணுதான் எடுக்கணும்."

"எது பெருசு?"

"ரெண்டும் ஒண்ணுதான்டா ராஜா."

பையன் இடது பக்கத்துப் பொட்டலத்தைத் தொட்டான். எடுக்கவில்லை. வலது பக்கம் போனான். அங்கிருந்து மறுபடி இடது. அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். அவள் வீட்டுக்காரர் காரின் கூரையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.  இதெல்லாம் வெறும் தற்செயல் என்று என் அறிவு சொல்லிக்கொண்டிருந்தது. தற்செயல் என்பதுதான் பயமே. பாதிக்குப் பாதி. எங்கள் எல்லோருடைய பார்வையும் அந்தச் சின்னக் கையுறையில் இருந்தது. நான் ஒரு கணம் நிமிர்ந்தபோது பெரியப்பாவைப் பார்த்தேன். அவர் தட்டைப் பார்க்கவில்லை. பையன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பையன் வலது பக்கத்தை எடுத்தான்.

பெரியப்பா அதை வாங்கிக்கொண்டு காரைவிட்டுத் தள்ளிப் போனார். கண்ணாடியை ஏற்றச் சொல்லிவிட்டுப் பிரித்தார். நந்தியாவட்டை. கொஞ்சம் கசங்கியிருந்தது. வெள்ளை வெளேரென்று.

"உத்தரவு" என்றார். தம்பியிடம் காட்டினார். என்னிடம் காட்டினார். கண்ணாடிக்கு வெளியே நின்று அக்காவிடம் காட்டினார். அவள் முகத்தை மூடிக்கொண்டு குனிந்துவிட்டாள்.

"பிரியாணி இல்லையா?" என்றான் பையன்.

மற்றப் பொட்டலத்தை அவர் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார், முன்பு மல்லிகைச் சரத்தைப் போட்டுக்கொண்டது போலவே. அல்சூர் ஏரியில் விட்டுவிட்டு வருகிறேன் என்று நடந்தே போனார். பையிலிருந்து வெள்ளித் தாளின் விளிம்பு வெயில் பட்டு மினுங்கியது நினைவிருக்கிறது. (மழை விட்ட வெளிறிய காலை என்று மேலே எழுதியிருக்கிறேன். வெயில் எப்போது வந்தது என்று தெரியவில்லை. மினுங்கியது நிச்சயம்.)

மறுநாள் இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். பையனுக்கு மருந்து ஏற ஆரம்பித்தது. சில நாள் கழித்து எனக்கு ஊசி தொடங்கினார்கள். குருத்தணுக்களை எலும்பிலிருந்து ரத்தத்துக்குத் துரத்தும் ஊசி. இடுப்பெலும்பும் நெஞ்செலும்பும் உள்ளிருந்து யாரோ தட்டுவதுபோல் வலித்தன. பிறகு ஒரு நாள் முழுக்க இரண்டு கையிலும் குழாயோடு ஓர் இயந்திரத்தின் பக்கத்தில் படுத்திருந்தேன். ஒரு கையிலிருந்து ரத்தம் போனது, மறு கை வழியாகத் திரும்பி வந்தது. நடுவில் ஒரு பையில் நீர்த்த தக்காளிச் சாறு மாதிரி ஏதோ சேர்ந்தது. என் வம்சத்தின் சாறு அவ்வளவுதான்.

அது பையனுக்குள் இறங்கிய பிறகு வந்த வாரங்களைப் பற்றிய தாள்களில் ஒரே மாதிரிக் குறிப்புகள்தான் இருக்கின்றன. "காய்ச்சல்." "காய்ச்சல் இறங்கவில்லை." "அணு எண்ணிக்கை சுழியம்." "வாயெல்லாம் புண், தண்ணீர்கூட விழுங்கவில்லை." ஒரு தாளில் எதுவும் எழுதவில்லை. அன்று மூச்சுக்கருவி தேவைப்படலாம் என்று சொல்லிவிட்டார்கள். அக்கா அறைக்குள், நாங்கள் வெளியே கண்ணாடிக்கு இந்தப் பக்கம். பெரியப்பா தினமும் ஜோகுபாளையத்திலிருந்து பேருந்து மாறி வந்து, கையில் பூவோ திருநீறோ இல்லாமல், மாலை வரை நடைபாதைப் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். பையனின் முடி கொத்தாக உதிர்ந்திருந்தது. அதைப் பார்த்து அவர், "முடி அவனோடதுன்னு சொன்னாங்களே, அதுவும் போச்சே" என்றார். சிரிக்க முயன்றார். முடியவில்லை.

ஒரு காலை மருத்துவர் வெளியே வந்து, "போலீஸ் வந்துட்டாங்க" என்றார். எண்ணிக்கை ஏறத் தொடங்கியிருந்தது. பெரியப்பா எழுந்து நின்று கையெடுத்துக் கும்பிட்டார். மருத்துவரையா, அறையையா, வேறு யாரையா என்று தெரியவில்லை.

பையன் இப்போது பள்ளிக்குப் போகிறான். கண்காணிப்பு தொடர்கிறது. முற்றிலும் தப்பிவிட்டான் என்று சொல்ல மருத்துவர் இன்னும் விரும்பவில்லை, அதனால் நாங்களும் சொல்வதில்லை. அவன் ரத்தம் இப்போது ஓ. அடுத்த பொங்கலுக்கு அவனையும் காரில் கூட்டிப்போனோம். பெரியப்பா பெயர்களை வயது வரிசையில் கூப்பிட்டார். கடைசியாக அவன் பெயரை மற்றெல்லாவற்றையும்விடச் சத்தமாகக் கூப்பிட்டார். பையன் கண்ணாடிக்கு உள்ளிருந்து, "வந்துட்டேன்!" என்று கத்தினான்.

இனி எனக்குப் பிடிபடாத விஷயம்.

பையன் வீடு திரும்பிச் சில மாதங்களுக்குப் பிறகு, பேச்சுவாக்கில் மருத்துவர் ஒன்று சொன்னார். நாங்கள் எல்லோரும் பெரியப்பாவோடு போய்ப் பேசிய அந்த நாளுக்கும் ஞாயிற்றுக்கிழமைக்கும் நடுவில், அவர் தனியாக ஒருமுறை வந்திருக்கிறார். தன் ரத்தத்தை எடுத்துக்கொள்ள முடியாதா என்று கேட்டிருக்கிறார். பி என்று மறுபடியும் சொன்னாராம். வயது கடந்துவிட்டது, சர்க்கரை வேறு, முடியாது என்றிருக்கிறார் மருத்துவர். "அப்போ மாப்ள குடுக்கலைன்னா?" என்று கேட்டிருக்கிறார். மருத்துவர் மறைக்காமல் சொல்லியிருக்கிறார். அதற்குப் பிறகு, போவதற்கு முன், பொட்டலத்தை எதில் சுற்றினால் பையனுக்கு ஆபத்தில்லை என்று கேட்டுக்கொண்டு போயிருக்கிறார்.

அன்று வீட்டுக்கு வந்து டப்பாவைத் திறந்தேன். அந்த ஞாயிற்றுக்கு முந்தைய வாரத்துத் தாள் ஒன்றில் இப்படி இருந்தது: "ஜோகுபாளையம். சாக்கடை வேலைக்காகக் கோயிலோரச் செவ்வரளியை அடியோடு வெட்டிவிட்டார்கள். நந்தியாவட்டை தப்பியது." பூ கேட்கும்போதெல்லாம் சிவப்புக்கு அந்தச் செடியில்தான் பறிப்பது வழக்கம் என்று அக்கா வீட்டுக்காரர் சொன்னார். சந்து முனைப் பூக்காரம்மாவிடம் விசாரித்தேன். அந்த வாரம் பெரியப்பா தன்னிடம் சிவப்பு எதுவும் வாங்கவில்லை என்றார். ஆனால் அல்சூர் மார்க்கெட்டில் பூக்கடைகளுக்குப் பஞ்சமில்லை. அம்மன் கழுத்து மாலையிலிருந்து ஒரு சிவப்பைக் கிள்ளியிருக்கவும் முடியும். அன்று அம்மன் மாலை என்ன நிறம் என்று நான் எழுதி வைக்கவில்லை. அக்கா போனில் அன்று எடுத்த ஒரே படத்தில் பையனின் முகக்கவசம்தான் இருக்கிறது.

அக்காவிடம் சொன்னேன். "நீ இதை அவருகிட்ட கேக்காதே" என்றாள்.

கேட்டுவிட்டேன். சென்ற மாதம், அல்சூர் ஏரிக்கரையில் இருவரும் நடந்துகொண்டிருந்தபோது.

"பெரியப்பா, அன்னிக்கு இன்னொண்ணுல சிவப்புதானே இருந்துச்சு?"

அவர் நடையை நிறுத்தவில்லை. "ஏன்டா மாப்ளே, ஆபீஸ்ல ஆடிட் பண்றது பத்தலையா? அம்மனையும் ஆடிட் பண்ணக் கெளம்பிட்டியா?"

"அம்மனை இல்ல, உங்களைத்தான்."

"பிரிக்கக் கூடாததை நான் பிரிக்கல. நீயும் பிரிக்காதே." கொஞ்ச தூரம் போன பிறகு, "அவன் இன்னிக்கு சாப்ட்டானா?" என்று கேட்டார்.

சாப்பிட்டான் என்றேன்.

பொட்டலத்தில் எந்தப் பூவை வைத்தோம் என்று சொல்ல வழக்கம் தடை விதிக்கவில்லை. பிரித்துப் பார்க்கத்தான் தடை. அவர் சொல்ல விரும்பியிருந்தால் சொல்லியிருக்கலாம். சொல்லாததால் மட்டும் எதுவும் நிரூபணமாகிவிடாது. கேள்வியே அவரைப் புண்படுத்தியிருக்கலாம். வம்சத்தையே பெரிதாக நினைத்த ஒருவர் அம்மன் முன்னால் அப்படிச் செய்திருப்பாரா என்றும் கேட்டுப் பார்க்கிறேன்.  ஆகவே ஐப்பசி 9 தாளில் நான் எதையும் சேர்க்கவில்லை. எடுக்காத பொட்டலத்தில் இருந்தது செவ்வரளியா, அதுவும் நந்தியாவட்டையா என்பது இதை எழுதும் இன்று வரை உறுதி செய்யப்படவில்லை.